பூனை அப்படி வேண்டிக்கொண்டதில்லை

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் பூனையைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "நாயி இந்த ஊட்ல பத்துப் புள்ள பொறக்கணும்னு கும்புடும், பூன ஊட்டுக்காரி கண்ணு குருடாப் போவணும்னு கும்புடும்." பத்துப் பிள்ளை இருந்தால் ஆளுக்கொரு உருண்டை சோறு விழும் என்பது நாயின் கணக்காம். வீட்டுக்காரிக்குக் கண் தெரியாவிட்டால் உறியில் தொங்குகிற பாலும் சட்டியில் இருக்கிற மீனும் தனக்குத்தான் என்பது பூனையின் கணக்காம். இப்படிச் சொல்பவர்கள் பூனையை வெறுப்பவர்கள் இல்லை. தினமும் மிச்சச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து வைப்பவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் அது ஒரு தீர்ப்பு. நாய் தன் பாசத்தை வாலாலும் குரைப்பாலும் காட்டிவிடுகிறது. பூனையோ வாசற்படி ஓரமாகக் காலை மடக்கிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தச் 'சும்மா'வை நம்மால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாய் திறந்து எதையும் சொல்லாத ஒன்றின் மனதில் ஒரு கெட்ட வேண்டுதலை நாமே எழுதிவைத்து, அதற்காக அதையே குற்றவாளியாக்குகிறோம். மொழியிலும் இந்தத் தீர்ப்பு ஊறிக் கிடக்கிறது. அமைதியாக இருக்கிற ஒருவரைச் சந்தேகப்பட்டால் 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்கிறோம். வெளிவேடக்காரனுக்கு ருத்திராட்சப் பூனை என்று பெயர். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய தபசுப் பாறையில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் இன்றும் பார்க்கலாம். பேசாத பூனை கள்ளப்பூனை என்றால், அதே பூனை ராத்திரியில் வாய் திறந்து கத்தும்போது என்ன சொல்கிறோம்? 'சாவு விழப் போகுது' என்று கல்லெடுக்கிறோம். மௌனமும் குற்றம், சத்தமும் குற்றம் என்றால் அந்தப் பிராணி எப்படித்தான் இருந்து தொலைப்பது? பூனையின் மௌனத்தில் கள்ளம் இல்லை. அது எழுப்பும் சத்தத்தில் பெரும்பங்கு மனிதனை நோக்கியே அமைந்தது. இதை நாம் காதில் வாங்காமல் போனதால் பூனைகளுக்கு நேர்கிற கேடு சிறியதில்லை.

மௌனத்தை முதலில் பார்ப்போம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, சேலம் மாவட்டத்து ஆத்தூரை விடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, நடுவில் வசிஷ்ட நதி பாயும் சமவெளி. மரவள்ளியும் மக்காச்சோளமும் நெல்லும் விளையும் மண். கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்கும் ஆலைகள், நாமக்கல் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் மூட்டை பிடிக்கும் கிடங்குகள், ஓட்டு வீட்டுப் பரணில் விதைக்கென்று எடுத்துவைத்த கதிர்கள். தானியம் சேர்கிற இடத்தில் எலி சேரும். எலி சேர்கிற இடத்துக்குப் பூனை வரும். மனிதனும் பூனையும் கூடிய கதையே அவ்வளவுதான். மேற்காசியாவில் மனிதன் முதன்முதலாகத் தானியத்தைக் குவித்துவைத்த காலத்தில் காட்டுப்பூனை களஞ்சியத்தைத் தேடி வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதக் கல்லறை ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனை புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அகழாய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. நாயைப் போல மந்தை மேய்க்கவோ காவல் காக்கவோ பூனையை யாரும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கவில்லை. தன் வேலையைத் தானே தெரிந்துகொண்டு வந்த பிராணி அது. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடும். கூட்டத்துக்கு ஊளையும் குரைப்பும் வேண்டும். காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும். அது எலிக்கு எமன் என்றால் அதைவிடப் பெரிய மிருகத்துக்கு அதுவே இரை. ஒரே உடம்பில் வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் சேர்ந்திருக்கும்போது, சத்தம் போடாமல் இருப்பது ஒன்றுதான் உயிர் பிழைக்கிற வழி.

ராத்திரி ஒரு மக்காச்சோளக் கிடங்கில் பூனை காத்திருப்பதைப் பார்த்தால் இது விளங்கும். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி. அதற்கு எதிரே நான்கு காலையும் உடம்புக்கடியில் வாங்கிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். வால் நுனி மட்டும் எப்போதாவது ஒரு முறை அசையும். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும், ஒன்று மூட்டைப் பக்கம், மற்றது கதவுப் பக்கம். அரை மணி போனாலும் நகராது. எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கீச்சொலியில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நம் காது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான் கேட்கும்; பூனையின் காது 85,000 அதிர்வு வரை கேட்கும் என்று 1985இல் வெளியான ஆய்வு அளந்தது. நமக்கு அமைதியான கிடங்கு, பூனைக்குச் சந்தைக்கடை. நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னங்கால் மிதித்த தடத்திலேயே பின்னங்காலையும் வைக்கிறது. சருகு மேல் இரண்டு முறை மிதிபடக்கூடாது என்பதற்காக அமைந்த நடை. இந்த நடையைத்தான் 'பூனை மாதிரி வந்து நிக்கிறான்' என்று திருட்டுக்கு உவமை ஆக்கினோம். ஆலையையும் அடுக்களையையும் காத்துக் கொடுத்த அமைதி அது. சங்கப் பாடலிலேயே வேலியோரம் பதுங்கிய வெருகுப் பூனையைக் கண்ட வீட்டுக்கோழி குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி உண்டு. கோழி வளர்ப்பவருக்குப் பூனை மேல் பயம் இருப்பது நியாயம், அதை மறுக்கவில்லை. குஞ்சைக் கூடைக்குள் கவிழ்த்துவைப்பது வீட்டுக்காரர் கடமை. அதற்காக மெல்ல நடக்கிற பாதத்துக்கே களவுப்பட்டம் கட்டுவது நியாயம் ஆகாது.

இப்போது சத்தத்துக்கு வருவோம். வழக்கமான எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போடும் உண்மை இங்கேதான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து 'மியாவ்' என்று கத்துவது மிக அரிது. அவற்றுக்குள் சீறல் உண்டு, உறுமல் உண்டு, சண்டையிலும் இணைசேரும் காலத்திலும் நீண்ட ஓலம் உண்டு. மற்றபடி வாசனையாலும் வாலாலும் காதாலும் பேசி முடித்துக்கொள்கின்றன. 'மியாவ்' என்பது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். காட்டுப்பூனை வளர்ந்த பிறகு பெரும்பாலும் அதை விட்டுவிடும். வீட்டுப் பூனை விடுவதில்லை. ஆயுள் முழுக்க அதை மனிதனிடம் பேச வைத்துக்கொள்கிறது. இரண்டு கடுவன் பூனைகள் ஓட்டின் மேல் எதிரெதிரே அரை மணி உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சொல் வராது. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தால் வரும். அமெரிக்காவில் மில்ட்ரெட் மோல்க் 1944இல் வீட்டுப் பூனையின் ஒலிகளைக் காது கொடுத்துக் கேட்டு 16 வகையாகப் பிரித்து எழுதினார்: வாயை மூடியபடி எழுப்புவன, வாயைத் திறந்து மெல்ல மூடிக்கொண்டே எழுப்புவன, திறந்த வாயை அப்படியே இறுக்கிவைத்து எழுப்புவன என்று மூன்று கூறு. நிக்கோலஸ் நிக்காஸ்ட்ரோ 2004இல் வீட்டுப் பூனையின் கத்தலையும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் கத்தலையும் பதிவு செய்து மனிதர்களைக் கேட்க வைத்தார். வீட்டுப் பூனையின் குரலே காதுக்கு இதமானது என்றார்கள் கேட்டவர்கள். அது சுருக்கமாகவும் சற்று உயர்ந்த சுதியிலும் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் பக்கத்தில் இருந்து இருந்து, அதன் தொண்டையே நம் காதுக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்திருக்கிறது. மனிதனை மதிக்காத பிராணி என்று நாம் பேர்வைத்த ஒன்று, தன் இனத்தோடு பேசாத பேச்சை நம்மோடு பேசுகிறது. நன்றிகேட்டுக்கு இதுவா சாட்சி?

உடனே ஒரு மறுப்பு வரும்: எல்லாம் சோற்றுக்குத்தான், வயிறு நிறைந்தால் திரும்பிப் பார்க்குமா? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுசாக ஒப்புக்கொண்டே பேசலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்பும் குழுவினரும் 2009இல் ஒரு நுட்பமான ஆய்வு வெளியிட்டார்கள். காலையில் தீனி கேட்டுக் காலைச் சுற்றி வரும்போது பூனை எழுப்பும் குர்ர் ஒலிக்குள், அழுகை போன்ற உயர்ந்த ஒலி ஒன்று மறைந்திருக்கிறது. அது கைக்குழந்தையின் அழுகை ஒலிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பூனையே வளர்க்காதவர்கள் கூட அதைக் கேட்டவுடன் 'இது அவசரமாக எதையோ கேட்கிறது' என்று சொன்னார்கள். இதையே தந்திரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பசித்த குழந்தை அழுவது தந்திரமா? கன்று கத்தியவுடன் பால் சுரக்கிற பசுவைப் பார்த்துக் கன்று ஏமாற்றிவிட்டது என்று எந்தக் கறவைக்காரராவது சொல்வாரா? தன்னிடம் கேட்பதை ஏமாற்று என்று எண்ணுகிறவர், உண்மையில் கொடுக்க மனமில்லாதவர். அதோடு, அந்த ஒலி எல்லா வீட்டிலும் ஒரேபோல் எழவில்லை. கூட்டமும் இரைச்சலும் உள்ள வீட்டைவிட, ஒரு மனிதரோடு நெருங்கி வாழும் பூனைகளிடமே அது மிகுந்திருந்தது. யார் கேட்பார்களோ அவர்களிடம் பேசுகிறது. மறுப்பின் மறுபாதிக்கும் விடை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டின் விட்டாலேயின் குழு 2017இல் பூனைகளுக்கு முன்னால் உணவு, விளையாட்டுப் பொருள், வாசனைப் பொருள், மனிதத் துணை எல்லாவற்றையும் வைத்து எது வேண்டும் என்று பார்த்தது. அதிகமான பூனைகள் மனிதத் துணையிடமே போயின. உணவு அதற்கடுத்த இடத்தில்தான் வந்தது. வயிற்றுக்காக மட்டும் வாழும் பிராணி இப்படிச் செய்யாது.

அடுத்த குற்றச்சாட்டு: கூப்பிட்டால் வராது. நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் தெருக்கோடியிலிருந்து ஓடிவரும். பூனையைப் 'பூஸ் பூஸ்' என்று தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திண்ணையில் படுத்தபடி இருக்கும். ஆகவே அதற்குக் காதும் இல்லை, மனமும் இல்லை என்று முடிவு. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2013இல் 20 பூனைகளை அவற்றின் வீட்டிலேயே வைத்து இதைச் சோதித்தார். வேற்று மனிதர்களின் குரல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவைத்து, பிறகு வளர்ப்பவரின் குரலைக் கேட்கவைத்தார். வேற்றுக் குரல்களுக்குச் சலித்துப்போன பூனைகள் வளர்த்தவர் குரலுக்கு மறுபடி விழித்துக்கொண்டன. ஆனால் எப்படி? காதைத் திருப்பின, தலையைத் திருப்பின. வாய் திறக்கவில்லை, எழுந்து வரவில்லை. அதே ஆய்வாளர் 2019இல், பூனைகள் தங்கள் பெயரை அதே நீளமுள்ள வேறு சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்றும் காட்டினார். 2021இல் கியோத்தோவில் நடந்த இன்னொரு ஆய்வு இன்னும் நெருக்கமான செய்தியைச் சொன்னது. ஓர் ஒலிபெருக்கியில் வளர்ப்பவர் குரல் கேட்டது. சில நொடியில் அந்த இடத்துக்குத் தொலைவான வேறொரு ஒலிபெருக்கியில் அதே குரல் கேட்டது. பூனைகள் திடுக்கிட்டன. கண்ணுக்குத் தெரியாத அறையில் நம் ஆள் எங்கே இருக்கிறார் என்று பூனை குரலை வைத்து மனதில் குறித்துக்கொண்டே இருக்கிறது என்று இதற்குப் பொருள். ஆத்தூரில் மத்தியான வேளையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். மிக்ஸி ஓடுகிறது, டிவி பாடுகிறது, தெருவில் பஸ் ஹாரன், பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம், ஆடி மாதமானால் கோயில் ஒலிபெருக்கி வேறு. அத்தனை இரைச்சலுக்கும் அடியில், கண்ணை மூடிப் படுத்திருக்கும் பூனையின் ஒரு காது மட்டும், அடுக்களையில் நடமாடும் ஒரே ஒரு ஆளின் காலடியோடு மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். அது பதில்தான். பதில் என்றால் ஓடிவந்து காலில் விழ வேண்டும் என்று நாம் வைத்துக்கொண்ட அளவுகோல்தான் தவறு. சொன்னதைச் செய்வதற்கும் சொன்னதைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மனிதர் விஷயத்தில் நாம் அறிவோம். பூனையிடம் மட்டும் மறந்துவிடுகிறோம்.

இதற்கு எதிராக ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2015இல் 20 பூனைகளைக் கொண்டு நடந்தது. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றை அளக்கிற முறையைப் பூனைக்கும் வைத்துப் பார்த்ததில், நாயிடம் தெரிகிற பாதுகாப்புத் தேடும் பற்று பூனையிடம் தெளிவாகத் தெரியவில்லை என்று அது சொன்னது. 'பூனைக்கு எஜமான் தேவையில்லை' என்று செய்திகள் அதைக் கொண்டாடின. ஆய்வு சொன்னதோ அதைவிட அளவானது: பயம் வந்தால் ஒளிய மனிதரின் மடி கட்டாயமில்லை, பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் இயல்புடையது. பாதுகாப்புக்கு நம்மை நம்பியிருக்காத ஒன்றுக்கு நம் மேல் பிரியமும் இருக்காது என்பது ஆய்வில் இல்லாத முடிவு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல் ஓரிகன் குழு 70 பூனைக்குட்டிகளை வேறுவிதமாகச் சோதித்தது. வளர்ப்பவர் இரண்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும்போது குட்டி என்ன செய்கிறது என்பதே சோதனை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் ஆள் வந்ததும் பதற்றம் தணிந்து, கொஞ்ச நேரம் ஒட்டிவிட்டு நிம்மதியாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. மனிதக் குழந்தைகளிடம் காணும் பங்கும் ஏறத்தாழ இதுவே. திரும்பி வந்ததும் பூனை நம்மை விட்டு விலகிப் போனால் அதை அலட்சியம் என்றுதான் நாம் படிப்போம். அந்த விலகலே நம்பிக்கையின் அடையாளமாக இருக்கக்கூடும்.

ராத்திரி அழுகைக்கு வருவோம். இந்தச் சகுன நம்பிக்கை பழமையானது என்பதாலேயே அதற்கு மரியாதை கொடுக்க என்னால் முடியவில்லை. கூரை மேல் குழந்தை அழுவது போலக் கேட்கிற அந்தக் குரல், பருவம் வந்த பெட்டைப் பூனை கடுவனைக் கூப்பிடுவது. அல்லது இரண்டு கடுவன்கள் அதற்காக மோதிக்கொள்வது. பெட்டைக்கு ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். சேராவிட்டால் சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி வரும். நம் ஊர்போல் ஆண்டு முழுக்க வெளிச்சமும் வெயிலும் உள்ள இடத்தில் அதற்கு ஓய்வே குறைவு. ஆக எந்தத் தெருவிலும் எந்த மாதத்திலும் பூனை அழும். எந்தத் தெருவிலும் எந்த மாதத்திலும் யாராவது இறப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது சுலபம். அழுது சாவு விழாமல் போன ராத்திரிகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. இந்த நம்பிக்கையால் வரும் கேட்டைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சகுனம் என்று எண்ணுகிறவர் கல்லெறிந்து விரட்டுவார். விரட்டப்பட்ட பூனை அடுத்த கூரையில் போய் அழும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ சந்தைமேட்டிலோ விட்டுவிட்டு வருவார்கள். கண் திறக்காத குட்டி தாயைக் கூப்பிடும் அந்த மெல்லிய 'மீ' சத்தத்தை அங்கே கேட்க யாரும் இல்லை. அழுகையின் காரணம் தெரிந்தவர் ஒரே ஒரு முறை கருத்தடை அறுவை செய்து கொண்டுவருவார். அந்த அழுகையும் நிற்கும், சாக்கும் வேண்டியிராது. பல சமூகங்கள் பூனையின் மேல் வேறு கண் வைத்திருந்தன என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். வங்காளத்தில் பிள்ளைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். நபிகளின் தோழர் ஒருவர் பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்படும் அபூ ஹுரைரா என்ற பெயராலேயே அறியப்படுகிறார். நம் கம்பரே இராமகாதையின் அவையடக்கத்தில், அலையோசை மிகுந்த பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று கரையில் வந்து நிற்கும் பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டார். ருத்திராட்சப் பூனையை மறக்காத நாம் இந்தப் பூனையை ஏன் மறந்தோம்?

குர்ர் என்ற அந்த உள்ளொலி பற்றியும் ஊரில் ஒரு கருத்து உண்டு. பூனைக்கு இயற்கையிலேயே இளைப்பு இருக்கிறது, அதன் நெஞ்சில் இரைவது நமக்கும் தொற்றும், முடி தொண்டையில் போனால் வீசிங் வரும் என்பார்கள். அந்தச் சத்தம் இளைப்பு இல்லை. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இடைவிடாமல், நொடிக்கு 25 முதல் 30 அதிர்வு அளவில் குரல்வளையில் எழுவது அது. வியன்னாவில் 2023இல் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளைகளில் காற்றைச் செலுத்தி அதே ஒலியை எழுப்பிக் காட்டினார்கள். குரல்நாணுக்குள் திண்டு போன்ற ஒரு திசு இருப்பதால் இவ்வளவு சிறிய உடம்பில் இவ்வளவு தாழ்ந்த ஒலி எழ முடிகிறது. ஒவ்வாமை மட்டும் உண்மை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு மூக்கடைப்பும் மூச்சுத்திணறலும் தரும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே பூனை வளர்க்க வேண்டும். இதை மறைத்துப் பூனைக்கு வக்காலத்து வாங்கக்கூடாது. ஆனால் எதிர்ப்பக்கத்து மிகையையும் நான் ஏற்கவில்லை. அந்த ஒலி மனிதரின் எலும்பைச் சேர்க்கும், இரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்று கைப்பேசியில் சுற்றுகிற செய்திகள் ஊகத்தை உண்மையாக்கி விற்கின்றன. குர்ர் என்றால் சந்தோஷம் என்று மட்டும் எண்ணுவதும் ஆபத்து. அடிபட்ட பூனை, பிரசவ வேதனையில் இருக்கும் பூனை, சாகக் கிடக்கும் பூனை இவையும் அதே ஒலியை எழுப்பும். பூனையைப் பழிப்பவர் அதன் மௌனத்தில் கள்ளத்தைக் கேட்டார் என்றால், கொஞ்சுபவர் அதன் ஒலியில் தன் ஆனந்தத்தையே கேட்கிறார். இருவருமே பூனையைக் கேட்கவில்லை.

இந்தக் கேளாமையின் கொடுமை நோய் வரும்போதுதான் தெரியும். இரையாகிவிடக்கூடிய பிராணி வலியை வெளியே காட்டாது. காட்டினால் எதிரி அறிந்துகொள்ளும் என்ற பழங்காட்டு எச்சரிக்கை அதன் உடம்பில் இன்னும் இருக்கிறது. நாய்க்குக் கால் ஒடிந்தால் தெருவே கேட்கும். பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது கொல்லைப்புற மணலில் போய் உட்காரும். எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி உட்காரும். திரும்பி அடிவயிற்றை நக்கும். பிறகு பரணுக்கடியிலோ மூட்டைச் சந்திலோ போய் ஒடுங்கிவிடும். கடுவன் பூனைகளுக்கு இது அடிக்கடி வருவது; இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும். 'பூன எங்கயாச்சும் சுத்தப் போயிருக்கும், அதுக்கென்ன ஒட்டா ஒறவா' என்கிற பேச்சில் அந்த இரண்டு நாளும் கழிந்துவிடுகிறது. ஒட்டாத பிராணி என்ற தீர்ப்பு இங்கே உயிரைக் குடிக்கிறது. செத்துப் போக வேறிடம் தேடிப் போகும் பூனை என்று நாம் சொல்வதும் இதைத்தான். அது சாகப் போனதில்லை, வலியோடு ஒளியப் போனது. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2019இல் இந்த மௌன வலியை முகத்தில் படிக்க ஓர் அளவுமுறை வகுத்தார்கள். காது வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா, கண் சுருங்கியிருக்கிறதா, மூஞ்சி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்ற ஐந்தையும் பார்த்தாலே வலி உண்டா என்று பெருமளவு சொல்லிவிடலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தினமும் சோறு வைக்கிற கண்ணுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். பூனைக்கும் சொல்ல விஷயம் இருக்கும் என்று நம்பாததால்தான் பார்க்காமல் போகிறோம்.

மருத்துவம் எட்டாத ஊர் என்ற சாக்கும் ஆத்தூருக்குப் பொருந்தாது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே தலைவாசல் கூட்ரோட்டில் 2021இல் திறந்த பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆத்தூரிலிருந்து ஒரு பஸ் தூரம். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் பூனையைக் கொண்டுபோய் நிற்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. 'ஒரு பூனைக்கா இவ்வளவு தூரம்' என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். கேட்கட்டும். கிடங்கில் மூட்டையைக் காத்த பிராணிக்கு அந்த வரிசையில் இடம் உண்டு. மூடியுள்ள மூங்கில் கூடையில் அது வழக்கமாகப் படுக்கும் துணியை விரித்து, மேலே இன்னொரு துணி போர்த்திக் கொண்டுபோனால் பஸ் இரைச்சலில் மிரளாது. மனிதருக்குப் போடும் காய்ச்சல் மாத்திரை எதையும் வழியில் கொடுத்துவிடக்கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்பார். வாந்தி, பேதி என்று எதையும் தேடிச் சொல்ல வேண்டியதில்லை. "நேத்துக் காலையில இருந்து சத்தமே காணோங்க" என்று சொல்லலாம். அவர் அதை அறிகுறியாகத்தான் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டு, துணியை விலக்கி, அதன் அடிவயிற்றில் மெதுவாகக் கை வைப்பார்.